தாள் போடுகிறவள்

சனிக்கிழமை ஓடுகிறவர்களுக்கு
வெள்ளிக்கிழமையே வழி போட்டாக வேண்டும்.
இந்த வாரம் என் முறை.
கீற்றாய்க் கிழித்த கழிவுத்தாள் இரண்டு பை,
யாருடைய சம்பளப் பட்டியலோ,
தொழிற்சாலையில் எடைக்குப் போட வைத்திருந்தது.
ஒரு பாராங். அட்டைகளுக்கு உப்பு.
பாலிக் பூலாவ் சந்தையில் வாங்கிய பிசாங் கோரெங்
ஏறுமுன்பே தீர்ந்துவிட்டது.

தித்தி தெராஸ் ஓடையைத் தாண்டினால் ஏற்றம்.
முதல் திருப்பத்திலேயே மூச்சு
கடன்காரனைப் போல் வாசலில் நின்று கூப்பிடும்.
ஜாதிக்காய்த் தோப்பு, அதற்குமேல் டுரியான்,
மரத்துக்கு மரம் வலை,
விழுகிற பழம் மண்ணைத் தொடாமல் ஆடி நிற்க.
வலைக்கடியில் குனிந்து போனால் அரை கிலோமீட்டர் மிச்சம்.
ஆனால் ஜூன் மாதத்தில் அப்படிப் போகிறவன்
தலையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.
சுற்றியே போட்டேன்.

பத்தடிக்கு ஒரு தாள்.
முள்ளில் குத்து, வேரில் சொருகு, கல்லடியில் வை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றங்கரையிலும் அளந்துதான் போடுகிறேன்.
கூடினால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்கள்,
குறைந்தால் இருட்டில் பெயர் சொல்லித் தேட வேண்டிவரும்.

பொய்வழியும் போட வேண்டும்.
முந்நூறு அடி இறங்கவிட்டுத் தாள் நின்றுவிடும்.
முன்னால் பறந்த விக்னராஜாவும் ஊய் கியாட்டும்
திட்டிக்கொண்டே திரும்ப ஏறும் நேரத்தில்
முட்டி தேய்ந்த எமில்டா
சரியான கிளையில் நடந்தே முந்திவிடுவாள்.
இதைக் கண்டுபிடித்தவர் எவரோ,
கடைசியில் வருகிற ஒருத்தியை
அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

உச்சியில் மரங்கள் விலகும் இடம் ஒன்று.
மேற்கே சுங்கை பூரோங் வயல்கள்,
அப்பால் கடல், மேகம்,
எது எங்கே முடிகிறதென்று தெரியாத சாம்பல்.
கிழக்கே பாயான் லெப்பாஸ்,
நான் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கூரை
ஒரு சவர்க்காரக் கட்டி அளவுக்கு.
அங்கே மட்டும் மூன்று தாள் சேர்த்துப் போட்டேன்.
நிற்கிறவர் நிற்கட்டும்.

நான்கரைக்கு மழை வயலைக் கடந்து வந்தது.
வருவதைப் பார்த்தேன், ஓடவும் செய்தேன்.
என்னைவிட மழைக்குப் பயிற்சி அதிகம்.
வந்த வழியே இறங்கலாமென்றால்
தாளெல்லாம் கூழ்.
நானே போட்ட வழி
என்னைத் தெரியாததுபோல் நின்றது.

அப்போதுதான் பாறைக்குடைக்கு அடியில்
நனையாத ஓர் இளஞ்சிவப்புக் கீற்று.
என்னுடையதல்ல, நாங்கள் வெள்ளை.
வேறு குழு, வேறு வாரம்.
மூங்கில் தூரில் இன்னொன்று.
நம்பி இறங்கினேன்.
மூன்றாவது. நான்காவது.
உட்கார்ந்தபடியே சறுக்கி ஐந்தாவது.
பிறகு ஒன்றுமில்லை,
பன்றி கிளறிய ஒரு பள்ளமும் அதில் மழையும்.

முகம் தெரியாத எவரோ போட்ட பொய்வழி.
தனியாக நின்று சிரித்தேன்.
என்ன நேர்த்தி!
சரிவு முடிந்து மனம் அப்பாடா என்கிற
அதே அடியில் நிறுத்தியிருக்கிறார்.
இத்தனை வருடத்தில்
எனக்கு ஒருமுறையும் அப்படி அமைந்ததில்லை.

தார்ச்சாலைக்கு வரும்போது ஏழரை.
டுரியான் காவலுக்கு இருந்தவர்
என் முகத்தில் விளக்கடித்தார், பிறகு பையில்.
பழம் இருக்குமென்று கையை விட்டவர்
வெள்ளைக் கூழோடு வெளியே எடுத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
விளக்கிச் சொல்ல என்னிடம் மலாய் போதவில்லை,
தமிழும் போதாது.

விடியுமுன் திரும்ப ஏற வேண்டும், புதுத்தாளோடு.
அந்தப் பள்ளத்துக்கென்று ஐந்து கீற்று
தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.
விக்னராஜா அங்கே நின்று என்னைத் திட்டட்டும்.

குளிக்கப் போகையில் பார்த்தேன்,
கெண்டைக்காலில் ஒட்டிக் காய்ந்த ஒரு துண்டு.
எழுத்து அழியவில்லை:
மிகைநேரம், பதினான்கு மணி.